ட்ரான்ஸ்பர் எடுத்துக்கிட்டு வாவன் எண்டு சொல்றவங்களுக்கு

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம்.

உங்கட பேப்பரில போன மாசம் வாசகர் பக்கத்தில ஒரு ஐயா எழுதியிருந்தார், வெளிநாட்டில ட்ரெய்னிங் செய்ற நம்மட டொக்டர் புள்ளையளுக்குக் குடும்பம் ரெண்டாம் பட்சமாப் போச்சு, மனசிருந்தா புருசன் இருக்கிற ஊர் ஹொஸ்பிட்டலுக்கு ஒரு ட்ரான்ஸ்பர் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு என்ன கஷ்டம் எண்டு. அதுக்குத்தான் இதை எழுதுறன். நீளமாப் போச்செண்டா வெட்டுங்க, ஆனா நடுவில வெட்டிப் போடாதீங்க, சட்டதிட்டம் எல்லாம் நடுவிலதான் இரிக்கு.

நான் ஆர் இதைச் சொல்ல எண்டு கேப்பீங்க. ரிட்டயர் ஆகும் மட்டும் வலயக் கல்வி ஒஃபிஸில ஆசிரியர் இடமாற்றப் பைல் பாத்த கிளார்க் நான். வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில போஸ்டிங் விழுந்த டீச்சர்மார் கிழக்கால டவுன் பக்கம் இருக்கிற எழுவான்கரைக்கு வரக் கேட்டு எழுதுற கடிதமெல்லாம் என்ட மேசையிலதான் குவியும். அம்மாக்கு பிரஷர், மாமிக்கு வாதம், புள்ளைக்கு வீசிங், புருசன் கொழும்பில, வீட்டில வேற ஆளில்ல. அதில மெய்யும் இரிக்கும் பொய்யும் இரிக்கும், மெடிக்கல் சேட்டிபிக்கட்டும் இரிக்கும், எம்.பி.ட லெட்டர்ஹெட்டில ஒரு கடிதமும் பின் குத்தி இரிக்கும். மற்றது, என்ட தங்கச்சிட மகள் அமெரிக்காவில இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சி செய்றவ, அதாவது ஹொஸ்பிட்டலில வேலை செய்துகொண்டே ஸ்பெசலிஸ்ட் ட்ரெய்னிங் எடுக்கிறவ, ஒவ்வொரு ஹொஸ்பிட்டலும் நடத்துற அந்த ட்ரெய்னிங்கைத்தான் ப்ரோக்ராம் எண்டு சொல்றது, குடும்பக் காரணம் சொல்லியே ஒரு ப்ரோக்ராமில இருந்து இன்னொரு ப்ரோக்ராமுக்கு மாறினவ. இஞ்சத்தையும் தெரியும், அங்கத்தையும் அவட வாயால கேட்டு அறிஞ்சன். அந்த ஐயா நினைக்கிற மாதிரி இது இல்ல.

இஞ்ச ஒரு டீச்சர் வவுணதீவில இருந்து டவுனுக்கு மாறினா முதலாளி மாறல்ல, பள்ளிக்கூடம் மட்டும்தான் மாறுது. சம்பளம், சேவைக்காலம், இன்க்ரிமென்ட், பென்சன் எல்லாம் பைலோட பின்னால வரும். குடுக்கல்லயெண்டா இடமாற்ற சபை இரிக்கு, அப்பீல் இரிக்கு, யூனியன்காரர் வந்து மேசையில தட்டுவாங்க. அங்க அப்பிடி மேல இருந்து ஆளைத் தூக்கி வைக்கிற ஒஃபிஸே கிடையாது. ஒவ்வொரு ஹொஸ்பிட்டலும் தனித்தனி முதலாளி, கொன்ட்ரக்ட் வருசா வருசம் எழுதுறது, இத்தின சீட்டெண்டு எண்ணி வெச்சிருப்பாங்க. மாறணுமெண்டா இருக்கிற இடத்தை விட்டுப்போட்டு, போற இடத்தில ஒரு சீட் காலியா இருந்து, அவங்க உன்னைப் பிடிச்சுப்போய், புதுசா எடுக்கணும். அதுக்குப் பேர் மட்டும்தான் ட்ரான்ஸ்பர்.

முதல்ல அந்த சீட் எப்பிடிக் கிடைக்குது எண்டதைச் சொல்லணும். மட்ச் எண்டு ஒரு முறை, 1952ல இருந்து நடக்குது. டொக்டர்மார் தங்களுக்குப் பிடிச்ச ப்ரோக்ராம்களை வரிசையா எழுதுவாங்க, ப்ரோக்ராம்கள் தங்களுக்குப் பிடிச்ச ஆக்களை வரிசையா எழுதும், கொம்பியூட்டர் ரெண்டையும் சேர்த்து ஆளுக்கொரு இடம் போட்டுக் குடுக்கும். இப்ப இருக்கிற கணக்கைத் திருத்திக் குடுத்தவங்களில ஒராள் அல்வின் ரோத், அவருக்கு 2012ல பொருளாதார நோபல் பரிசும் லொயிட் ஷாப்லியோட சேர்த்துக் கிடைச்ச. மார்ச் மாசம் மூண்டாவது வெள்ளிக்கிழமை றிசல்ட் வரும். வந்தாப் பிறகு பிடிக்கல்ல எண்டு சொல்ல ஒண்ணா, ரெண்டு பக்கத்தையும் அது கட்டும். வேலை தொடங்கி 45 நாள் ஆகும் மட்டும் அந்த இடத்தில இருந்தே ஆகணும். அதுக்கு முதல் விடணுமெண்டா என்.ஆர்.எம்.பி. எண்ட அந்த மட்ச் நடத்துற அமைப்பிட்ட வேவர் எண்ட விலக்குக் கேக்கணும், ஹொஸ்பிட்டலும் நீங்களும் தங்களுக்குள்ள பேசி முடிச்சுக்க ஒண்ணா, மீறினா அடுத்த மட்ச்சுகளில சேர ஒண்ணாம தடையும் வரலாம். இந்த 45 நாள் விசயத்தை நம்மட ஆக்கள் ரெண்டு விதமாப் பிழையா விளங்கியிருக்காங்க. ஒரு கூட்டம், மாறவே ஏலா எண்டு சொல்லுது, மற்றக் கூட்டம் 45 நாள் முடிஞ்சா சோக்கா வெளிக்கிடலாம் எண்டு சொல்லுது. மட்ச்சின்ட கட்டு அதோட அவிழுது, அவ்வளவுதான். போற இடம் இனித்தான் தேடணும்.

என்ட மருமகளுக்கு, அதான் தங்கச்சிட மகளுக்கு, இடம் கிடைச்சது நடு அமெரிக்காவில ஒரு சின்ன டவுன். மட்ச்சுக்குப் பிறகுதான் கல்யாணம். மாப்பிள்ளை நியூ ஜெர்சியில, நம்மட ஊர்ப் பூர்வீகம்தான், அங்கேயே பிறந்தவர், டொக்டர் இல்ல, ஒரே மகன், தகப்பனுக்குக் கிட்னி ரெண்டும் பழுது, கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிசுக்குக் கூட்டிப்போகணும். நம்மட மட்டக்களப்பில பொம்பிளப் புள்ளைக்குத்தான் வீடு குடுக்கிறது, மாப்பிள்ளைதான் பொம்பிள வீட்டுக்கு வாறவர், அதால இஞ்ச எல்லாரும் கேட்ட முதல் கேள்வி அவர் ஏன் இவளிட்டப் போகல்ல எண்டுதான். அவர் போனா அந்த மனிசனை ஆர் மெசினில கொண்டு போய்ப் படுக்க வைக்கிற? அதுக்குள்ள வயித்தில புள்ள. தங்கச்சி விசிட் விசாவில போய் நிண்டு பாத்தா, வழக்கமா ஆறு மாசத்துக்கு மேல விட மாட்டாங்க, கிறுகி வந்துட்டா. மறுகா கைக்குழந்தையும் அவளும்தான். ரெசிடென்சிக்காரருக்கு நாலு கிழமைச் சராசரியில கிழமைக்கு 80 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்க ஒண்ணா எண்டு 2003ல விதி வந்திரிக்கு, அதைப் பெரிய சலுகை மாதிரிச் சொல்லுவாங்க, நான் கேக்கிறன் 80 மணித்தியாலம் எண்டா என்ன எண்டு கொஞ்சம் கூட்டிப் பாருங்க, நம்மட ஒஃபிஸில ரெண்டு கிழமை வேலை அது.

இந்த நேரத்திலதான் இஞ்ச இருந்து போன் மேல போன். பெரியம்மா சொல்றா ட்ரான்ஸ்பர் கேளன், சின்னம்மா சொல்றா அழுது கேளு தருவாங்க, ஒரு அண்ணர் சொல்றார் அங்க நம்மட தமிழ் ஆள் ஒராள் அரசியலில பெரிய இடத்தில இரிக்கிறாராம் அவரிட்ட ஒரு லெட்டர் எடு எண்டு. புள்ள டியூட்டி முடிச்சு வந்து கண்ணை மூட முதல் இதுகள். நானும் சும்மா இருக்கல்ல, என்ட ஒஃபிஸ் தமிழில, பிறகு ஒஃபிஸ் இங்கிலீசில, பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன் எண்டு ஒரு முழுப்பக்க விண்ணப்பம் எழுதி வட்ஸ்அப்பில போட்டன். பெரிய மாமா, இதை அனுப்பினா என்னைத்தான் அட்மிட் பண்ணுவாங்க எண்டு சிரிச்சா. அண்டைக்குத்தான் அவ நிறைய நாளுக்குப் பிறகு சிரிச்ச எண்டு தங்கச்சி சொன்னா, அதால என்ட விண்ணப்பம் வீண் போகல்ல.

சரி, எப்பிடி மாறினா எண்டதுக்கு வாறன். கூட வேலை செய்த புள்ளையள் முதல் சொன்ன புத்தி, ஒருத்தருக்கும் சொல்லாத, வேற இடத்தில ஒஃபர் கையில வந்தாப் பிறகு சொல்லு எண்டு. கேக்க நல்லாத்தான் இரிக்கு, நடக்காது. ஏனெண்டா ரெசிடென்சி ப்ரோக்ராம்களை அங்கீகரிக்கிற ஏ.சி.ஜி.எம்.இ. எண்ட அமைப்பின்ட விதியே இதுதான், மாறி வாற ஒராளை எடுக்க முதல், அவர் இதுவரைக்கும் என்ன ட்ரெய்னிங் செய்தார் எண்ட உறுதியும், எப்பிடிச் செய்தார் எண்ட மதிப்பீடும் பழைய இடத்தில இருந்து புது இடம் வாங்கியே ஆகணும். அதாவது உங்கட ப்ரோக்ராம் டைரக்டருக்குத் தெரியாம நீங்க எங்கயும் போக ஒண்ணா. அவர் எழுதுற ரெண்டு பக்கம்தான் உங்கட கதி. அப்பிடியிருக்க, அந்த மனிசனோ மனிசியோ உங்கட கதையை மூண்டாம் ஆள் வாயால கேக்கிறது நல்லதா, உங்கட வாயால கேக்கிறது நல்லதா?

இவ நேரடியாவே போய்ச் சொன்னா. அழல்ல, மெடிக்கல் ரிப்போர்ட் ஒண்டும் கொண்டு போகல்ல. வீட்டு நிலைமை ரெண்டு வசனம், எந்தப் பக்கத்துக்குப் போக விருப்பம் எண்டு ஒரு வசனம், போகும் மட்டும் டியூட்டியில ஒரு குறையும் வராது எண்டு ஒரு வசனம், முதல் வருசத்தை முழுசா முடிச்சிட்டுத்தான் போவன் எண்டும் சொல்லியிரிக்கா. அந்த டைரக்டரம்மா கொஞ்சம் முகம் சுளிச்சாவாம். சுளிக்கத்தான் செய்வா, ஒராள் போனா அந்த வருசத்து ரோஸ்டர் முழுக்க ஓட்டை, மிச்சம் இருக்கிற புள்ளையள்தான் அந்த நைட் டியூட்டியை எல்லாம் தூக்கணும், இதையும் நம்மட ஆக்கள் யோசிக்கிறல்ல. ஆனா அடுத்த கிழமை அவவே தனக்குத் தெரிஞ்ச ரெண்டு டைரக்டர்மாருக்குப் போன் அடிச்சிரிக்கா. என்ட அனுபவத்தில சொல்றன், இஞ்ச எம்.பி. லெட்டர் செய்ற வேலையை அங்க செய்றது சொந்த டைரக்டரின்ட ஒரு போன் கோல், வித்தியாசம் என்னெண்டா அந்தப் போன் வாறது வேலை ஒழுங்காச் செய்தவனுக்கு மட்டும்.

ரெண்டாம் வருச சீட் காலியாகிறது எப்பிடி? ஒராள் சேர்ஜரிக்கு மாறிப் போவார், ஒராள் சுகமில்லாம நிப்பார், ஒராளைக் கொன்ட்ரக்ட் புதுப்பிக்காம விடுவாங்க. அந்த ஓட்டை எப்ப எங்க வரும் எண்டு ஒருத்தருக்கும் தெரியா. வந்தாலும் மட்ச்சுக்குள்ள வராது, ப்ரோக்ராம் தானாப் போடுற விளம்பரத்திலயும் வாய் வழியாயும்தான் தெரிய வரும். ஜூலை மாசம் புது வருசம் தொடங்குறதால அதுக்கு முதல் மாசங்களிலதான் ஓட்டம் கூட. புதுசா ஒரு சீட்டை உருவாக்கிக் குடுங்களேன் எண்டு கேட்டா, அதுவும் லேசில நடக்காது. ரெசிடென்சிக்காரரை வெச்சிருக்கிற செலவில பெரிய பங்கு மெடிகெயார் எண்ட அவங்கட அரசாங்கக் காப்புறுதியில இருந்துதான் ஹொஸ்பிட்டலுக்குப் போகுது, அந்தக் காசை எத்தின ஆளுக்குக் குடுக்கிறது எண்டதுக்கு 1997ல ஒரு சட்டம் போட்டு மூடி போட்டிட்டாங்க. மூடிக்கு மேல ஆள் எடுத்தா ஹொஸ்பிட்டல் சொந்தக் காசு போடணும். இதில எனக்குக் கோபம் வாற ஒரு இடம் இரிக்கு. 2019ல பிலடெல்பியாவில ஹானிமன் எண்ட பெரிய ஹொஸ்பிட்டலை மூடினாங்க, 500க்கு மேல ரெசிடென்சிக்காரர் நடுத்தெருவில. அப்பிடி மூடினா அந்த ஆளோட சேர்ந்து அந்தக் காசும் புது இடத்துக்குத் தற்காலிகமாப் போக சட்டத்தில வழி இரிக்கு. ஹொஸ்பிட்டல் செத்தா காசு பின்னால வரும், மாமனாருக்குக் கிட்னி செத்தா வராது. ஆர் இந்தக் கணக்கை எழுதினவனோ தெரியா.

ஒரே துறைக்குள்ள மாறினா இதோட போச்சு, துறையையும் சேர்த்து மாத்தினா இன்னும் சிக்கல். முதல் சேர்ந்த துறை எத்தின வருசமோ, அதுக்குத்தான் முழுக்காசு, உதாரணத்துக்கு இன்டர்னல் மெடிசின் மூண்டு வருசம், அதில சேர்ந்துட்டுப் பிறகு அஞ்சு வருச சேர்ஜரிக்குப் போனா மூண்டு வருசத்துக்கு மேல போற காலத்துக்கு ஹொஸ்பிட்டலுக்கு வாற நேரடிக் காசில பாதிதான் கணக்கு. எடுக்க யோசிப்பாங்க. இன்னொண்டு, எந்த வருசத்தில மாறுறது எண்டது துறைக்குத் துறை வேற. ஃபமிலி மெடிசினில கடைசி ரெண்டு வருசமும் ஒரே ப்ரோக்ராமில இருக்கணும் எண்டு அந்தத் துறைக்குச் சான்றிதழ் குடுக்கிற போர்ட் கேக்கும், நோயாளிகளைத் தொடர்ந்து பாக்கணுமாம், நல்ல விசயம்தான், அதால மாறுறெண்டா முதல் வருசம் முடியும்போதே மாறணும். ஜெனரல் சேர்ஜரியிலயும் கடைசி ரெண்டு வருசம் ஒரே இடம். மாமி படுக்கையில விழுறதுக்கு இந்தக் கலண்டர் தெரியாதே.

விசா வேற. நம்மட புள்ளையள் கனபேர் போறது ஜே-1 எண்ட, ட்ரெய்னிங்குக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற விசாவில. அதுக்கு ஈ.சி.எஃப்.எம்.ஜி. எண்ட அமைப்புத்தான் ஸ்பொன்சர், நம்மட சுகாதார அமைச்சும் ஒரு கடிதம் குடுக்கணும். ஈ.சி.எஃப்.எம்.ஜி. குடுக்கிற விசாப் பேப்பர் குறிப்பிட்ட ப்ரோக்ராமுக்கு எண்டே எழுதுறது, வருசா வருசம் புதுப்பிக்கணும். இடம் மாறினா ஈ.சி.எஃப்.எம்.ஜி. ஓம் எண்டு சொல்லி புதுப் பேப்பர் வரும் மட்டும் புது வாட்டுக்குள்ள கால் வைக்க ஒண்ணா. துறை மாறுறது ஒரு தரம்தான், அதுவும் முதல் ரெண்டு வருசத்துக்குள்ள. ட்ரெய்னிங் முடிஞ்சா ரெண்டு வருசம் சொந்த நாட்டில வந்து இருக்கணும் எண்ட விதியும் அதோட ஒட்டியே வரும். இஞ்ச கேக்கிறாங்க, மாப்பிள்ளை அமெரிக்கன் தானே, கட்டினா எல்லாம் சரிதானே எண்டு. இல்ல. அமெரிக்கனைக் கட்டினாலும் அந்த ரெண்டு வருச விதி தானாக் கழராது, அதுக்குத் தனியா விலக்குக் கேக்கணும். டொக்டர் குறைஞ்ச இடத்தில மூண்டு வருசம் வேலை செய்தா விலக்குக் குடுக்கிற ஒரு திட்டம் இரிக்கு, கொன்ராட் 30 எண்டு பேர், ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருசத்துக்கு 30 பேர்தான். அது ட்ரெய்னிங் முடிஞ்ச பிறகு வாற தலையிடி, இப்ப விடுவம்.

மாற முதல் லீவைப் பத்தி யோசிக்கணும் எண்டதை நான் அழுத்திச் சொல்லுவன். குடும்பக் கஷ்டம் எல்லாம் நிரந்தரக் கஷ்டம் இல்ல, சிலது ரெண்டு மாசத்தில முடியுற கஷ்டம், அதுக்குப் போய் மூண்டு வருசத்துக் கட்டிடத்தைப் பேத்து வேற ஊரில கட்டத் தேவையில்ல. 2022 ஜூலையில இருந்து ஏ.சி.ஜி.எம்.இ. விதி, ட்ரெய்னிங் காலத்தில ஒரு தரமாவது ஆறு கிழமை முழுச்சம்பள லீவு, பிள்ளைப்பேறுக்கோ, சொந்தச் சுகயீனத்துக்கோ, குடும்பத்தில ஒராளைப் பாக்கவோ, வேலைக்கு வந்த முதல் நாளில இருந்தே எடுக்கலாம். ஆறு கிழமையைக் கேட்டு நம்மட டீச்சர்மார் சிரிப்பாங்க, இஞ்ச அரசாங்க வேலையில பிள்ளைப்பேற்றுக்கு 84 வேலை நாள் முழுச்சம்பளத்தோட, அதுக்குப் பிறகு அரைச்சம்பளத்தில 84, பிறகு சம்பளமில்லாம 84. உலகத்தில பெரிய பணக்கார நாட்டில ரெசிடென்சிக்காரருக்கு ஆறு கிழமை எண்டு ஒரு பொது விதி வாறதுக்கு 2022 மட்டும் எடுத்திருக்கு. அதோட சம்பளமில்லாத 12 கிழமை லீவு எண்டு 1993ம் ஆண்டுச் சட்டம் ஒண்டும் இரிக்கு, அதில ஒரு பொறி: ஒரே முதலாளியிட்ட 12 மாசம் வேலை செய்திருக்கணும். ப்ரோக்ராம் மாறினா முதலாளி மாறுது, அந்த 12 மாசம் திரும்ப ஒண்டில இருந்து. மாறின முதல் வருசத்தில புருசனோ புள்ளையோ ஹொஸ்பிட்டலில விழுந்தா இந்தச் சட்டம் கைகுடுக்காது. குடும்பத்துக்காக மாறினவன், மாறினதாலேயே குடும்பத்துக்கு எடுக்கிற லீவை இழக்கிறான். இதை மருமகள் சொன்னபோது நான் நம்பல்ல, திருப்பித் திருப்பிக் கேட்டன்.

அதோட மாநிலத்துக்கு மாநிலம் லைசன்ஸ் வேற, பழசு உதவாது, புது ஹொஸ்பிட்டல் புதுசா எல்லாச் சேட்டிபிக்கட்டும் சரிபாக்கும், காப்புறுதி மாறுது, வீட்டு வாடகை முற்பணம், புள்ளையப் பாக்கிற இடம் எல்லாம் புதுசு. எல்லாத்துக்கும் மேல ஒண்டு, புது இடம் எழுத்தில குடுக்கும் மட்டும் பழைய இடத்தை ரிசைன் பண்ணப்படாது. ஆத்திரத்தில எழுதிக் குடுத்துட்டு வெளிய வந்து, நம்பின சீட் கிடைக்காம விசாவும் போய் நிண்டா, அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதைதான், இஞ்ச புருசனை நம்பி அரசனைக் கைவிட்ட கதை எண்டு மாத்திச் சொல்லணும்.

இவளுக்குக் கடைசியா ஒரு சீட் கிடைச்ச. மாப்பிள்ளை வீட்டு வாசலில இல்ல, காரில ரெண்டு மணித்தியாலத் தூரம். ஓஃப் நாளில அவ போறா, டயலிசிஸ் இல்லாத நாளில அவர் வாறார், மாமி இடைக்கிடை புள்ளையைப் பாக்கிறா. இதுக்கே தங்கச்சி மாமாங்கக் கோயிலில நேர்த்திக்கடன் முடிச்சிட்டா. அப்பாடா எண்டு இருக்க, ஒரு சொந்தக்காரர் வந்து கேக்கிறார், கேட்டதுதான் கேட்டீங்க பக்கத்து ஹொஸ்பிட்டலைக் கேட்டிருக்கலாமே எண்டு. நான் எழும்பிப் போய் ஆட்டுக்குக் குழை போட்டன்.

அந்த ஐயா தன்ட கடிதத்தில வெளிநாட்டில ட்ரெய்னிங் செய்ற புள்ளையளை மட்டும்தான் சாடியிருந்தார். இஞ்ச என்ன நடக்குது எண்டும் பாக்கணும். இஞ்ச ஸ்பெசலிஸ்ட் ஆகணுமெண்டா 1980ல தொடங்கின பட்டப்பின் மருத்துவ நிறுவகம், பி.ஜி.ஐ.எம். எண்டுதான் எல்லாரும் சொல்றது, கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கிற அந்த ஒரு கதவாலதான் போகணும். சோதினைப் புள்ளி வரிசையில ட்ரெய்னிங் யூனிட் எடுக்கிறது. கூடுதலான யூனிட் கொழும்பு, கண்டி, காலிப் பக்கம். மட்டக்களப்புப் புள்ள ரெஜிஸ்ட்ரார் எண்ட ட்ரெய்னிங் டொக்டரா கொழும்பில நிப்பா, புருசன் களுவாஞ்சிகுடியிலயோ கல்முனையிலயோ வேலை, குழந்தை அம்மம்மாவோட, லீவு கிடைச்சா 300 கிலோமீட்டருக்கு மேல இரவு பஸ்ஸில தூங்கி வந்து பகலில குழந்தையைத் தூக்கி அடுத்த இரவு பஸ்ஸில திரும்பிறது. நான் ஆரையும் பேர் சொல்லல்ல, இந்தக் கடிதம் வாசிக்கிற வீட்டில பாதிப்பேருக்கு இப்பிடி ஒரு சொந்தக்காரப் புள்ள இரிக்கும். இதில நல்லதும் ஒண்டு இரிக்கு, சம்பளம் குடுக்கிறது ஒரே சுகாதார அமைச்சு, யூனிட் மாறினாலும் சேவைக்காலம் அறுந்து போறல்ல, அமெரிக்கா மாதிரி முதலாளி மாறல்ல. அப்பிடியிருக்க, நியாயமான குடும்பக் காரணத்துக்கு நடுவில யூனிட் மாறுறது அங்கத்தை விட இஞ்சதான் லேசா இருக்கணும். லேசா இரிக்கா எண்டு அந்தப் புள்ளையளிட்டயே கேளுங்க.

என்ட மேசையில நான் கண்டது, குடும்பக் காரணம் எண்டா என்ன எண்டு எழுதி வைக்காத இடத்தில கெட்டிக்காரனுக்கும் தெரிஞ்சவனுக்கும்தான் வழி திறக்கும், வாய் செத்தவ நைட் டியூட்டி பாத்துக்கிட்டே இருப்பா. அதால பி.ஜி.ஐ.எம்.முக்கும் அமைச்சுக்கும் நான் கேக்கிறது, எந்தக் காரணத்துக்கு மாறலாம், எந்தக் கட்டத்தில மாறலாம், ஆரிட்ட எழுதணும், எத்தின நாளுக்குள்ள பதில் வரும் எண்டதை சிங்களம் தமிழ் இங்கிலீஸ் மூண்டிலயும் ட்ரெய்னிங் தொடங்குற அண்டைக்கே ஒரு தாளாக் கையில குடுங்க. இல்லையெண்டு வந்தாலும் ஏன் இல்லையெண்டு எழுத்தில குடுங்க. மற்றது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில ட்ரெய்னிங் குடுக்கக் கூடிய யூனிட்டுகளைக் கூட்டுங்க. டீச்சிங் ஹொஸ்பிட்டல் எண்டு பேர் இரிக்கு, கிழக்குப் பல்கலைக்கழகத்து மெடிக்கல் ஸ்டூடன்ஸ் அங்கதான் வாட்டில நிண்டு படிக்கிறாங்க, அவங்களைப் படிப்பிக்க ஸ்பெசலிஸ்ட் இரிக்கிறாங்க, ரெஜிஸ்ட்ராரை வெச்சுப் படிப்பிக்க இன்னும் கூட இடம் செய்ய ஏலும். கிழக்கில ட்ரெய்னிங் எடுத்தவன் கிழக்கில நிக்கிறதுக்கும் கொஞ்சம் மனசு வரும், 2022 பொருளாதாரக் கஷ்டத்துக்குப் பிறகு எத்தின டொக்டர்மார் நாட்டை விட்டுப் போனாங்க எண்டு நம்மட வாட்டுகளில போய் நிண்டா விளங்கும்.

கடைசியா, இந்த வருசம் மட்ச்சுக்குப் போடப் போற புள்ளையளின்ட அம்மா அப்பாமாருக்கு ஒண்டு. செப்டம்பரில விண்ணப்பம் போகும், இன்டர்வியூ எல்லாம் முடிஞ்சு மார்ச் மாசத் தொடக்கத்துக்குக் கிட்ட புள்ள தன்ட லிஸ்டைப் பூட்டும். குடும்பக் கதை எல்லாம் அதுக்கு முதல் கதைக்கணும், ஆர் எங்க இரிக்கிறது, கல்யாணம் எப்ப, மாமா மாமி ஆர் பாக்கிறது, குழந்தையெண்டா ஆர் போய் நிக்கிறது. கட்டப்போறவரும் டொக்டரெண்டா ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே லிஸ்ட் போடுற கப்பிள்ஸ் மட்ச் 1984ல இருந்து இரிக்கு, அதைக் கேட்டுப் பாருங்க. டொக்டர் இல்லையெண்டா அவர் இருக்கிற ஊரைச் சுத்தி இருக்கிற ப்ரோக்ராம்களை மேல போடச் சொல்லுங்க, பேர் பெரிய இடம் எண்டு சொந்தக்காரருக்குக் காட்ட வேற ஊரை மேல போட வைக்காதீங்க. புள்ள உண்மையா எதை விரும்புதோ அந்த வரிசையிலயே எழுதினா நட்டமில்ல, அந்தக் கணக்கு அப்பிடித்தான் செய்தது. குடும்பத்தோட இரிக்கவே ஏலாத இடமெண்டா லிஸ்டில போடாமலே விடலாம், லிஸ்டில இல்லாத இடத்துக்கு மட்ச் ஒருத்தரையும் அனுப்பாது.

இப்பிடிக்கு,
ஓய்வுபெற்ற கல்வி அலுவலக எழுதுவினைஞர்,
கல்லடி, மட்டக்களப்பு.